நாத்தனார் முடிச்சும் கிராப்புத் தலையும்

1

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையை அடைத்துவிட்டு வந்து, சூப்பில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தபோது புதுச்சேரியிலிருந்து போன் வந்தது. என் மைத்துனன் மணவாளன். அன்றைக்கு அவனுடைய கல்யாண நாளாம். அக்காவிடம் கொடுங்கள் மாமா என்றான். கொடுத்தேன். என் மனைவி தனம் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் கரண்டியைப் பிடித்தபடி சிரித்துச் சிரித்துப் பேசினாள். அந்தக் கல்யாணத்தில் நான் பட்ட பாடு இவர்கள் ரெண்டு பேருக்கும் மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை.

ஊரில் அதை ஒன்றுக்குப் பத்தாகப் பேசுகிறார்கள் என்று கேள்வி. நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் பத்திரிகைக்காரர் திருத்திக்கொள்ளட்டும்.

விஷயம் இவ்வளவுதான். மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட்டதும், மற்ற ரெண்டு முடிச்சையும் போடுகிறவள் அவனோடு கூடப்பிறந்தவள். நாத்தனார் முடிச்சு என்பது அதுதான். மணவாளனுக்கு ஒரே அக்கா தனம். அந்தத் தனம் தலைமுடியை ஆம்பிளை மாதிரி ஒட்ட வெட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போய் இறங்கினாள். அந்தத் தலையோடு அவளை முடிச்சுப் போட விடுவார்களா, மாட்டார்களா?

2

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னைத் தெரிந்தால்தான் மற்றது விளங்கும்.

தனத்தின் அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்சன் வாங்குகிறவர். பிரெஞ்சு நாஷனாலிட்டி உள்ள வீடு. நான் வில்லியனூர்ப் பக்கம் கரும்பு வெட்டின வீட்டுப் பிள்ளை. அவளைக் கட்டினதால்தான் எனக்குப் பிரான்சுக்குக் காகிதம் கிடைத்தது. பெண்டாட்டி முந்தானையைப் பிடித்துக்கொண்டு பிளேன் ஏறியவன் என்று சொன்னவர்கள் உண்டு. ஏறினது அப்படித்தான். இறங்கின பிறகு நடந்தது என் கால்.

முதல் குளிர்காலத்துக்கு இங்கே ஒரு மாதா கோயிலில் இனாமாக ஒரு மேல்கோட்டுக் கொடுத்தார்கள். யாரோ பெரிய உடம்புக்காரர் போட்டுக் கழித்தது. கை நுனி வெளியே தெரியாது. கண்ணாடியில் பார்த்தேன், கம்புக்கொல்லையில் நட்டுவைத்த பொம்மை மாதிரி இருந்தேன். அதோடு பிரெஃபெக்த்யூர் என்கிற சர்க்கார் ஆபீசுக்குப் போய் விசாக் காகிதத்துக்கு வரிசையில் நின்றால், கவுண்டரில் இருக்கிற மதாம் என் முகத்தைப் பார்க்காமலே அடுத்த காகிதம் எங்கே என்பாள். இல்லையென்றால் கையை ஆட்டிவிடுவாள். சொந்தக் காசில் ஒரு கோட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு அதே காகிதத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். உட்காருங்கள் மெஸ்யே என்றாள். அன்றைக்கு எனக்குப் புரிந்தது நாலு வருஷம் காலேஜில் படித்தவனுக்கும் புரியாது.

அப்போது நான் ஹோட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து மெத்ரோவுக்குப் போகும் வழியில் துணிக்கடைக் கண்ணாடிக்கு முன்னால் நிற்பேன். எந்தச் சட்டைக்கு எந்தக் கால்சட்டை, எந்தச் செருப்புக்கு எந்தப் பெல்ட் என்று பொம்மைகளைப் பார்த்தே கற்றேன். ஒருத்தன் சொல்லித்தரவில்லை. நான் குள்ளம், கறுப்பு, தோள் அகலம். நீளக் கோட்டு என்னை விழுங்கிவிடும் என்று நானே கண்டுபிடித்தேன். இடுப்போடு நிற்கிற கோட்டு, கரும்பச்சை அல்லது கருநீலம். கழுத்துக்குப் பாக்கு நிறத்தில் ஒரு துணி. தலைக்கு மண் நிறத்தில் ஒரு தொப்பி. இதுதான் நான் என்று முடிவு பண்ணினேன். அந்த ஹோட்டல் முதலாளி என்னைப் பாத்திரம் கழுவுகிற இடத்திலிருந்து எடுத்து வாசலில் நிறுத்தினார். வாசலில் நின்றவன் இன்றைக்கு ரெண்டு மளிகைக் கடைக்குச் சொந்தக்காரன். எங்கள் பேட்டையில் தொப்பி மெஸ்யே கடை என்று கேட்டால் தபால்காரர் வந்து கொண்டுவிடுவார்.

இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைதான், இருந்தாலும் அதற்காகச் சொல்லவில்லை. உடுத்துகிற விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று காட்டுவதற்காகச் சொல்கிறேன்.

3

தனம் இடுப்புக்குக் கீழே பின்னல் தொங்குகிறவள். ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் சமையல் வேலை. அங்கே ஒரு முடிகூட வெளியே தெரியக் கூடாது, அவ்வளவும் துணித்தொப்பிக்குள் போக வேண்டும். அத்தனை முடியையும் சுருட்டி உள்ளே திணித்துக்கொண்டு நாளெல்லாம் அடுப்படியில் நிற்பாள். சாயங்காலம் வந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். தைலம் தேய்த்துவிட்டது நான்தான்.

யூரோ வந்து கொஞ்ச வருஷம் ஆகியிருந்தது. அவள் சின்னச் சின்னதாக மாற ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கழுத்து வரைக்கும் மூடின கறுப்புப் பனியன் ஒன்று வாங்கி அதையே ரவிக்கையாகப் போட்டு, மேலே நம் ஊர்க் கைத்தறிப் புடவையைக் கட்டினாள். கணுக்கால் தெரியத் தூக்கிக் கட்டி, கீழே தட்டை பூட்சு. காதில் இருந்த கல்தோட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு மூக்குத்தியை மட்டும் பெரிதாக மாட்டினாள். நான் முதலில் இதென்ன கோமாளி வேஷம் என்றுதான் பார்த்தேன். ஆனால் தெருவில் எனக்கு ரெண்டு அடி முன்னால் அவள் நடந்தபோது சொல்ல முடியாமல் இருந்தது. வெள்ளைக்காரி மாதிரியும் இல்லை, நம் ஊர்ப் பெண்கள் மாதிரியும் இல்லை. தனம் மாதிரி இருந்தாள்.

அதுவரைக்கும் சரி. கல்யாணத்துக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்த வாரம், ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன். யாரோ ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் நிற்கிறாள். மகளின் சிநேகிதி என்று நினைத்து, போன்சுவார் மதாம் என்றேன்.

“நாந்தாங்க” என்று திரும்பினாள்.

வெட்டியது எங்கள் மகள் மீனா. படிக்கச் சொன்னேன், கேட்காமல் சலூன் வேலை கற்றுக்கொண்டவள். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை. அன்றைக்கு மட்டும் என்னைச் சமாதானப்படுத்தத் தமிழ் பேசினாள்: “அப்பா, அம்மா ட்ரே பெல் ஆயிட்டான்.” அம்மா ஆயிட்டாளா, ஆயிட்டானா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. அவளிடம் என்னத்தைச் சொல்லி என்னத்தைப் புரியவைப்பது. உன் அம்மா அழகு உனக்கு இருக்கட்டும், ஊரில் போய்ச் சபையில் நிற்கப்போகிறவன் நான் என்றேன்.

ஊருக்குப் போய் வந்த பிறகு வெட்டியிருக்கக் கூடாதா, அப்படி என்ன அவசரம் என்று தனத்தைக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை.

“என் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்கே இப்பத்தாங்க தெரிஞ்சுது” என்றாள்.

4

மீனாவுக்குச் சலூனில் லீவு கிடைக்கவில்லை, நாங்கள் ரெண்டு பேர்தான் போனோம். சென்னை ஏர்போர்ட்டிலேயே ஆரம்பித்துவிட்டது. பாஸ்போர்ட்டில் இருக்கிற படத்தில் கொண்டை, நெற்றி நிறையப் பொட்டு, கல்தோடு. எதிரே நிற்கிறது கிராப்புத் தலை. ஆபீசர் படத்தைப் பார்க்கிறார், இவளைப் பார்க்கிறார், மறுபடி படத்தைப் பார்க்கிறார். அந்தப் பக்கம் நில்லுங்கள் என்றார். பின்னால் இருந்தவர்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போனார்கள். பெரிய ஆபீசர் வந்தார். உங்கள் சம்சாரம்தானா, நிச்சயமா என்று என்னைக் கேட்டார். கட்டின புருஷன் சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று. தனத்தின் மேல் உதட்டு மச்சத்தைப் படத்தோடு ஒத்துப்பார்த்து முத்திரை குத்தினார்.

கார் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தது. கனகசெட்டிக்குளம் வந்ததும், நம் எல்லைக்குள் வந்துவிட்டோம் என்று, தனம் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. காலாப்பட்டில் பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்றபோது அவளே எடுத்துவிட்டாள்.

“எத்தினி நாளைக்கு மூடிகினு திரியறது” என்றாள், என்னிடம் இல்லை, ஜன்னலிடம்.

வீட்டு வாசலில் என் மாமியார் ஆரத்தித் தட்டோடு நின்றார். தனம் இறங்கினாள். தட்டு அப்படியே நின்றுவிட்டது. கற்பூரம் எரிந்து தீருகிற வரைக்கும் அந்த அம்மாள் சுற்றவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. பிறகு எங்களை உள்ளே வரச்சொல்லிக் கதவைச் சாத்தினார்.

“நோயா? துக்கமா? வேண்டுதலா? இந்த மூணுல ஒண்ணு இல்லாம பொம்பள முடி எடுப்பாளாடி?”

“மூணும் இல்லம்மா.”

“அப்ப எதுக்கு?”

“புடிச்சிருந்துச்சு.”

அப்படி ஒரு காரணத்தை என் மாமியார் அதுவரை கேட்டதே கிடையாது. என் பக்கம் திரும்பினார். நீங்கள் கல்லு மாதிரி உயிரோடு நிற்கிறீர்கள் மாப்பிள்ளை, உங்கள் பெண்டாட்டி தாலி அறுத்தவள் கோலத்தில் வந்து என் மகன் தாலியைத் தொடுவதா, பெண் வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. மாமனார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது கேட்காது. கொடுத்துவைத்தவர்.

5

மறுநாள் மாமியாரே ரிக்‌ஷா பிடித்துப் போய், நாடகச் சாமான் வாடகைக்கு விடுகிற இடத்திலிருந்து ஒரு டோப்பா கொண்டுவந்தார். ராஜகுமாரி வேஷத்துக்கு வைக்கிறதாம். சவுரி வைக்கலாம் என்றால் அதைக் கட்டிவிடத் தலையில் பிடிமானமே இல்லையே. டோப்பாவில் பழைய பவுடர் வாசனையும் யாரோ ஆம்பிளையின் வேர்வை வாசனையும் வந்தது. அதன் மேல் பூவைச் சுற்றிவிட்டால் ஒரு முகூர்த்த நேரத்துக்குத் தாங்கும் என்றார்.

தனம் அதைக் கையில் வாங்கி, உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். செத்தவள் முடியோ, உயிரோடு இருக்கிறவள் முடியோ, இன்னொருத்தி முடியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு என் தம்பி தாலியைத் தொட மாட்டேன் என்றாள். அப்படியானால் உன் பெரியப்பா மகள் முடிச்சுப் போடட்டும் என்றார் மாமியார். போடட்டும், நான் அடுத்த பிளேனில் போய்விடுகிறேன், அப்புறம் இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றாள் தனம். சொன்னால் செய்கிறவள். மணவாளன் அம்மாவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, மாப்பிள்ளைச் சட்டைக்குப் பித்தான் வைத்தார்களா என்று பார்ப்பதுபோல் உள்ளே போய்விட்டான்.

நான் தனத்தைத் தனியாகக் கூப்பிட்டு, எனக்காக ஒரு மணி நேரம் வைத்துக்கொள், என் மரியாதை இருக்கிறது என்று நயமாகத்தான் சொன்னேன்.

“நீங்க தொப்பி போட்டுகினு நேத்து நேரு வீதில நடந்தீங்க. துரை மாதிரி இருக்கீங்கன்னு அம்மாவே சொல்லுது. இந்த வெயில்ல தொப்பி இன்னாத்துக்குன்னு ஒருத்தராவது கேட்டாங்களா?” என்றாள். “உங்களுக்கு ஸ்டைலு. எனக்குன்னா துக்கமா?”

இப்படி மாட்டிக்கொள்கிற நேரத்தில் நான் வெளியே போய்விடுவேன். அது என் பழக்கம். வாசலுக்கு வந்தால், பெண்ணின் அப்பா ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருக்கிறார். காலாப்பட்டுப் பக்கத்துக்காரர், கொஞ்சம் நிலம், யூனிவர்சிட்டியில் தோட்ட வேலை, சாது. ஊரில் யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். சுற்றி வளைத்து, வீட்டம்மாவுக்கு உடம்பு ஏதும் சுகமில்லையா அண்ணே என்று கேட்டார். கேட்டவர் கண் என் முகத்தை விட்டு அசையவில்லை. அந்தக் கேள்விக்குள் கல்யாணமே நின்றுகொண்டிருந்தது.

எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் நாக்கு உண்டு. உடம்பெல்லாம் நன்றாக இருக்கிறது, வேண்டுதல் என்றேன். போன வருஷம் எனக்கு நெஞ்சுவலி வந்தது, தனம் பெருமாளுக்கு முடியை நேர்ந்துகொண்டாள், பாரீசிலேயே எடுத்து மஞ்சள் துணியில் கட்டிக்கொண்டு வந்து, ஏர்போர்ட்டிலிருந்து நேராக மலைக்குப் போய்ச் செலுத்திவிட்டுத்தான் ஊருக்குள் வந்தோம் என்றேன். வார்த்தை வார்த்தையாக வந்து விழுந்தது. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். புருஷனுக்காக இவ்வளவு முடியைக் கொடுத்த மகராசி முடிச்சுப் போட எங்கள் பெண் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார். ஒரு வார்த்தையில் நாலு பேர் வயிற்றில் பாலை வார்த்தேன். இன்றைக்கும் அந்தப் பொய்யை நான் குறைவாக நினைக்கவில்லை.

ஸ்கூட்டரை உதைத்தவர் திரும்பிக் கேட்டார்: “மண்டபத்துக்கு வரும்போது லட்டு கொஞ்சம் கொண்டாந்துடுங்கண்ணே. எங்க அண்ணி பெருமாள் பிரசாதம்னா உசுரு.”

மலைக்குப் போனவன் லட்டு இல்லாமல் வருவானா? இது எனக்குத் தோன்றவில்லை.

6

மாமியார் என் கட்சிக்கு வந்துவிட்டார். டோப்பா வாடகைக் கடைக்குத் திரும்பிப் போயிற்று. தனத்திடம் விஷயத்தைச் சொன்னதும் அவள் என்னைப் பார்த்த பார்வையைத் தாங்குவது கஷ்டம். “நீங்க சொன்னது உங்களோட. என் வாயால சொல்ல மாட்டேன். யாராவது என்னைக் கேட்டா உள்ளதைத்தான் சொல்வேன்” என்றாள். லட்டு விஷயத்தை நான் அவளிடம் சொல்லவில்லை.

காந்தி வீதிப் பக்கம் ஒரு மிட்டாய்க் கடையில் மாஸ்டரைப் பார்த்தேன். பெரிய உருண்டையாக, நெய் தூக்கலாக, முந்திரி முழுசாக, பச்சைக் கற்பூரம் துளி சேர்த்துப் பிடித்துக் கொடுக்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். எனக்கு அப்படித்தான் பிடிக்கும் என்றேன். மலையிலிருந்து வந்த லட்டோடு பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. நான் ஒரு காரியத்தை எடுத்தால் அரைகுறையாகச் செய்வது கிடையாது.

கல்யாணம் முத்தியால்பேட்டையில் ஒரு மண்டபத்தில். வைகாசி மாசம், காலையிலேயே சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. தனம் மாம்பழ நிறத்தில் பட்டுக் கட்டி, கழுத்து மூடின கறுப்பு ரவிக்கை போட்டு, மூக்குத்தியோடு வந்தாள். அவள் உள்ளே நுழைந்ததும் பந்தியில் இட்லி பரிமாறுகிறவன்கூட நின்று பார்த்தான். நான் அவளை விட்டு ஒரு அடி நகரவில்லை. யாராவது பெண்கள் பக்கத்தில் வந்து வாயைத் திறந்தால், நான் முன்னால் போய்ப் பாரீஸ் குளிரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். எங்கள் கடையில் கத்திரிக்காய் என்ன விலை என்று சொல்லுவேன். ஒருத்தி வேண்டுதல் என்று ஆரம்பித்தாள். அவள் மகனுக்கு விசா வாங்குவது எப்படி என்று அவள் கேட்காமலே சொல்லிக்கொடுத்தேன்.

அப்படியே தனத்தை மணவறை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். பெண் வந்து உட்கார்ந்தாள். தாலித் தட்டு சபையில் சுற்றிக்கொண்டிருந்தது. தட்டு திரும்பி வந்தால் தாலி. நான் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டேன்.

7

அப்போதுதான் பெண்ணின் பெரியம்மா, பிரசாதம் கேட்டு அனுப்பின அந்த அண்ணி, மேடைக்கு ஏறினார். எழுபதை நெருங்கின அம்மாள், பருத்த உடம்பு, படியேறி வந்ததில் மூச்சு வாங்கிற்று. தாலி ஏறுவதற்கு முன்னால் பெருமாள் பிரசாதம் வாயில் படட்டும் என்று கையை நீட்டினார். என் மாமியார் தயாராக வைத்திருந்த தட்டிலிருந்து ஒரு முழு லட்டை எடுத்து அந்தக் கையில் வைத்தார். பெரியம்மா ரெண்டு கையாலும் அதை ஏந்தி, கண்ணை மூடி, கோவிந்தா என்று முனகிக்கொண்டே கண்ணருகில் கொண்டுபோனார்.

தனம் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“பெரியம்மா, அது சாமி லட்டு இல்ல. கடை லட்டு.”

நாதஸ்வரக்காரர் அந்த நேரம் பார்த்து ஊதுவதை நிறுத்திச் சீவாளியை மாற்றிக்கொண்டிருந்தார். மண்டபத்துக்கே கேட்டது.

“நாங்க மலைக்குப் போவல. வேண்டுதலும் இல்ல. எனக்குப் புடிச்சிருந்துச்சு, வெட்டிக்கிட்டேன். கோவப்படறவங்க என்மேல கோவப்படுங்க. அதுக்காக சாமி பேரைச் சொல்லி உங்களைக் கண்ணுல ஒத்திக்க விட மாட்டேன்.”

எல்லார் கண்ணும் சுற்றிக்கொண்டு வந்து என்மேல் நின்றது. மணவாளன் தலை குனிந்திருந்தான். பெண் நிமிர்ந்து தனத்தையே பார்த்தாள். மாமியார் தட்டோடு மணவறைத் தூணைப் பிடித்துக்கொண்டார். நழுவிப்போக வழி இருந்தது, பந்திக்குப் போகிற கதவு என் பக்கத்தில்தான். நான் போகவில்லை. நான்தான் சொன்னேன், பொய்தான், ஆனால் லட்டு நல்ல லட்டு என்றேன்.

பெண்ணின் அப்பாவுக்கு முகம் சிறுத்துவிட்டது. “பொண்ணு குடுக்கற எடத்துல முதல் பேச்சே பொய்யா அண்ணே?” என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். ஐயர் முகூர்த்தம் போகிறது என்று பொதுவாகச் சொன்னார். தாலித் தட்டு எங்கேயோ நடுவில் யார் கையிலோ நின்றுபோயிற்று.

பெரியம்மா இன்னும் லட்டைப் பிடித்தபடி நின்றார். அதை மோந்து பார்த்தார். தனத்தின் தலையைப் பார்த்தார், அவசரமில்லாமல், முன்னாலும் பக்கவாட்டிலும், மாட்டுச் சந்தையில் பார்க்கிற மாதிரி. பிறகு லட்டை என் கையில் கொண்டுவந்து வைத்தார்.

“எனக்கு சக்கரை. ஒரு வாய் தின்னா சாயங்காலம் ஆஸ்பத்திரி. சாமி பிரசாதமாச்சேன்னு முழுசையும் முழுங்கியிருப்பேன்” என்றார். கொழுந்தனார் பக்கம் திரும்பினார். “என் உசுரைக் காப்பாத்தினவ முடிச்சு போடட்டும். இந்தப் பெரிய மனுஷனை அப்பறமா பேசிக்கலாம்.”

மேடையில் யாரோ சிரித்தார்கள். கீழே ரெண்டு பேர் சிரித்தார்கள். பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை, ஆனால் நின்ற தட்டைக் கைகாட்டி வரச்சொன்னார். அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேச அடுத்த தீபாவளி ஆயிற்று. அது எனக்கும் அவருக்கும் உள்ளது.

கெட்டிமேளம் கொட்டிற்று. மணவாளன் முதல் முடிச்சைப் போட்டான். தனம் பெண்ணுக்குப் பின்னால் குனிந்தாள். எங்கள் பக்கம் நாத்தனார் குனிகிறபோது அவள் பின்னல் முன்னால் சரிந்து குத்துவிளக்கில் படாமல் இருக்க, பின்னால் நிற்கிறவள் அதைப் பிடித்துக்கொள்வது வழக்கம். பின்னால் நின்றது என் மாமியார். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மகளை அவர் தொடவே இல்லை. அன்றைக்கு அவர் கை பழக்கத்தில் தானாக முன்னால் போயிற்று. பிடிக்க அங்கே பின்னல் இல்லை. வெறும் பிடரி. வேர்த்து மின்னுகிற பிடரி. கை என்ன செய்வதென்று தெரியாமல் காற்றில் நின்றது. அப்புறம் மெதுவாக அந்தக் கழுத்தில் போய் உட்கார்ந்தது. ரெண்டாவது முடிச்சும் மூணாவது முடிச்சும் போட்டு முடிகிற வரைக்கும் அங்கேயே இருந்தது.

கல்யாண வீடியோ சிடி இங்கே எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் நான் நிறைய இடத்தில் வருகிறேன், நன்றாகவே வருகிறேன். தாலி கட்டுகிற இடத்தில் மட்டும் வீடியோக்காரன் அட்சதை தூவுகிற கூட்டத்தைப் பிடிக்கத் திரும்பிவிட்டான். அந்தக் கை படத்தில் இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தவன் நான் ஒருத்தன்தான்.